ராத்திரி வயிற்றுவலிக்கு ஒரு ரப்பர் பை

எனக்கு ஐ.பி.எஸ். (IBS) என்கிற குடல் எரிச்சல் கோளாறு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பகலில் எப்படியோ ஓட்டிவிடுவேன். ராத்திரி 11 மணிக்கு மேல்தான் அடிவயிறு முறுக்க ஆரம்பிக்கும்.

முதலில் வாங்கியது மின்சார ஜெல் பை. இரண்டாம் மாதமே ஓரத்தில் கசிந்தது. அப்புறம் மருந்துக் கடையில் 280 ரூபாய்க்கு 2 லிட்டர் ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கினேன். இது நான்கு மாதமாக உழைக்கிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. முக்கால் பைக்கும் குறைவாக வெந்நீர் நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடியைத் திருக வேண்டும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வயிற்றில் வைத்தால், இருபது நிமிடத்தில் முறுக்கல் தளர்ந்துவிடுகிறது. கூடவே வரும் சத்தத்துக்கு என் மனைவி பழகிவிட்டாள், பாவம்.

ரப்பர் வாடை போக ஒரு வாரம் ஆனது. உறையும் தரவில்லை. பையோடு தூங்கிப்போன ஒரு நாள் தோல் சிவந்து கன்றிவிட்டது, அது என் தப்பு.

இது வலியைத்தான் தணிக்கும், வராமல் தடுக்காது. வெங்காயம் தூக்கலாகப் போட்ட கொத்துப் பரோட்டா தின்ற அன்று பையும் கைவிட்டுவிட்டது. இப்போது ராத்திரிக்கு இட்லிதான், அதுவும் எட்டு மணிக்குள்.