பவர்பாயின்டிலிருந்து டிவிடிக்கு: மூன்று வழி, ஒரு திருத்தம்

தாத்தாவைப் பற்றி 42 ஸ்லைடுகள். படம், கீழே இரண்டு வரி, கூடவே அத்தையின் குரல். கணினி இல்லாத உறவினர்களும் பார்க்க வேண்டும் என்பதால் டிவிடி கேட்டார்கள். டிவிடி பிளேயருக்குப் பவர்பாயின்ட் கோப்பு புரியாது. எம்பெக்-2 என்ற வடிவில் வீடியோவாக்கி, டிவிடிக்குரிய ஃபோல்டர் அமைப்பில் எழுதினால்தான் சாதாரண பிளேயர்களில் ஓடும். அந்தக் கடைசி வேலையை டிவிடி ஸ்டைலர் போன்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அதற்குக் கொடுக்க வேண்டிய வீடியோவை எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி.

ஸ்லைடுகளை ஜேபெக் படங்களாகச் சேமித்து வரிசையாக அடுக்கலாம். குரலும் அனிமேஷனும் இல்லையென்றால் இதுவே போதும், மேலே படிக்க வேண்டியதில்லை. ஸ்லைடு ஷோவை ஓடவிட்டு ஓபிஎஸ் என்ற மென்பொருளில் திரையைப் பதிவு செய்யலாம். இல்லையென்றால் பவர்பாயின்டே வீடியோவாகச் சேமித்துத் தரும்: 2010 பதிப்பில் டபிள்யூஎம்வி (WMV) கோப்பாக, 2013 முதல் எம்பி4 (MP4) ஆகவும்.

நான் முதலில் போனது திரைப்பதிவுக்கு. ஒரே மூச்சில் முடிந்தது, டிஸ்க்கும் எழுதியாயிற்று. போட்டுப் பார்த்தால் 17ஆம் ஸ்லைடில் தாத்தா வேலையில் சேர்ந்த வருடம் தப்பு. அத்தை குரலிலும் அதே தப்பு.

அங்கேதான் என் முடிவு மாறியது. திரைப்பதிவைத் திருத்த வேண்டுமானால் மொத்தத்தையும் மறுபடி ஓடவிட வேண்டும், அல்லது வெட்டி ஒட்ட வேண்டும். ஜேபெக் வழியில் படத்தை மாற்றுவது நொடி வேலை. ஆனால் குரல் ஒரே நீளமான ஆடியோ கோப்பாக இருக்கும். புது வாக்கியம் இரண்டு நொடி நீண்டால் அடுத்த 25 படங்களும் குரலைவிட்டு நழுவிவிடும்.

பவர்பாயின்டில் பதிவு செய்யும் குரல் ஸ்லைடு வாரியாகத்தான் உட்காருகிறது, ஒவ்வொன்றின் நேரமும் அதோடு சேர்ந்தே. அதனால் அத்தையை 17க்கு மட்டும் பேசவைத்தேன். மீதி 41ஐத் தொடவேயில்லை. வீடியோ மறுபடி உருவாக நேரம் பிடிக்கும்தான், ஆனால் அது கணினியின் பாடு. இரண்டு விஷயம் கவனிக்கணும்: ஸ்லைடு மாறும் கணத்தில் குரல் பதிவாகாது, பேசி முடித்து ஒரு நொடி விட்டு நகருங்கள். ஒரே ஒரு ஸ்லைடைத் திருத்தும்போது அடுத்ததற்குப் போகுமுன் பதிவை நிறுத்திவிடுங்கள்.

இதிலும் குறை உண்டு. நேரம் குறிக்காத ஸ்லைடுகள் தானாக 5 நொடி ஓடும். இணைப்புகளை அழுத்த முடியாது, அது வெறும் வீடியோதான்.

எழுத்து மங்குவது மூன்று வழிக்கும் பொது. டிவிடி படத்தின் அளவு பிஏஎல் (PAL) என்ற டிவி முறையில் 720×576 புள்ளிகள், என்டிஎஸ்சி (NTSC) முறையில் 720×480, அவ்வளவுதான். சின்ன எழுத்தும் மெல்லிய கோடும் டிவியில் கண்ணை உறுத்தும். பழைய டிவிகள் ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கும் என்பதால் வரிகளை உள்ளே தள்ளி வைத்தேன். நான் ஓட்டிப் பார்த்தது ஒரே ஒரு பிளேயரில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிவிடி-ஆர் ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். இப்போதெல்லாம் டிஸ்க்கில் ஏற்றுமுன் அந்த டிவிடி ஃபோல்டரை விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் திறந்து, அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுதாகப் பார்க்கிறேன்.