மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கு ஓர் ஓபி

தம்பிக்காக ஏறி இறங்கிய இடங்களில் நான் மனதாரப் பரிந்துரைப்பது ஒன்றைத்தான்: தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவு ஓபி. ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவனுக்கு, வலிப்பு வராமலிருக்க ஃபெனிட்டாய்ன் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கடும் காய்ச்சல். உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, முகம் வீங்கியது, கழுத்தில் நெறி கட்டியது. பக்கத்துக் கிளினிக்கில் அம்மை என்றார்கள். அம்மா வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார். அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் மருந்து அலர்ஜி என்று மாத்திரையை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்து அனுப்பினார்கள். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். சில மாதத்தில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கியது. ஒரு டாக்டர் மன உளைச்சல் என்றார். இன்னொருவர் காசநோயா, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயா என்று தேடினார். எதிலும் ஒன்றும் தெரியவில்லை.

இந்த ஓபியில் இருந்த இளம் பெண் டாக்டர், "பழைய சீட்டெல்லாம் வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டு ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். வெள்ளைத்தாளில் ஒரு கோடு போட்டு மாத்திரை ஆரம்பித்த தேதி, காய்ச்சல் வந்த தேதி, ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு ஏறிய தேதி எல்லாவற்றையும் குறித்தார். அதுவரை யாரும் தேதியே கேட்டதில்லை. மாத்திரையால் வந்த அந்தக் கடும் அலர்ஜிக்கு டிரெஸ் (DRESS) என்று பெயர் சொன்னார். வழக்கமான அலர்ஜி சில நிமிடங்களிலோ மணிகளிலோ வந்துவிடும். இது மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்து வருவதால் பலர் மாத்திரையோடு சேர்த்துப் பார்ப்பதில்லையாம். தோலோடு நிற்காமல் கல்லீரலையும் தாக்கும். அது அடங்கிய பிறகும், சிலருக்கு மாதங்கள் கழித்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி தைராய்டு சுரப்பி மீதே திரும்பும். உடனே தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். சர்க்கரை சரியாக இருந்தது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. அத்தனை மாதம் அவன் பட்ட பாட்டுக்குக் காரணம் இருக்கிறது, அவன் கற்பனை செய்யவில்லை என்று தெரிந்ததே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

கையில் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார்கள். ஃபெனிட்டாய்ன் மட்டுமல்ல, மற்ற வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோனும் அவனுக்குக் கூடாது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மற்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கூடப் பிறந்தவள் என்பதால், எனக்கு எப்போதாவது வலிப்பு மருந்து தர வேண்டி வந்தால் இதை முதலில் சொல்லச் சொன்னார்கள். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அங்கேயே பக்கவிளைவு கண்காணிப்புப் பிரிவும் இருக்கிறது. படிவம் நிரப்பி காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு அனுப்பினார்கள். நாமே அனுப்பத் தமிழிலும் படிவம் உண்டு. இலவச எண் 1800-180-3024. மாதவிடாய் வலிக்கு நம் பெண்கள் சர்வசாதாரணமாக வாங்கிப் போடும் மெஃபனமிக் ஆசிட் மாத்திரையால் டிரெஸ் வரலாம் என்று அந்த ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்ததே, அது இப்படி வந்த தகவல்களைப் பார்த்துத்தான். ஆகவே தயவுசெய்து அனுப்புங்கள்.

குறை என்றால் காத்திருப்புதான். காய்ச்சலோடு வருபவர்களுக்கும் உட்கார இடம் போதவில்லை. ரத்தம் எடுப்பது வேறு கட்டடத்தில், ரிப்போர்ட் வாங்குவது இன்னொரு இடத்தில். துணைக்கு ஆள் இல்லாமல் போனால் சிரமம்.

போகிறவர்கள் மருந்துச் சீட்டு, காலி மாத்திரை அட்டை, பழைய ரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். தடிப்பு இருந்தபோது செல்போனில் எடுத்த படங்கள் இருந்தால் அழிக்காதீர்கள். டாக்டர் எங்களிடம் முதலில் கேட்டதில் அதுவும் ஒன்று. ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அவர்கள் சொல்கிறபடி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.