நேபாளத்தை யாரிடம் ஒப்படைத்திருக்கலாம்: கிரிஜாவா, கிஷுன்ஜியா?

இருவரும் நேபாளி காங்கிரஸ் கட்சியின் மூத்த தலைவர்களாக இருந்தவர்கள். கிஷுன்ஜி எனப்பட்ட கிருஷ்ண பிரசாத் பட்டராய் 1990-இல் இடைக்காலப் பிரதமரானார். புதிய அரசியல் சாசனம் வந்தது அவர் காலத்தில்தான். 1991 தேர்தலில் காத்மாண்டுவில் கம்யூனிஸ்ட் தலைவர் மதன் பண்டாரியிடம் தோற்றார். தகரப் பெட்டி, குடை, மண்கூஜா: பிரதமர் இல்லத்திலிருந்து அவர் எடுத்துப்போனது அவ்வளவுதான். நினைத்தாலே நெஞ்சு நெகிழ்கிறது.

கிரிஜா பிரசாத் கொய்ராலா வேறு ரகம். 1947-இல் பிராட்நகர் சணல் ஆலை வேலைநிறுத்தத்தில் இறங்கியவர், பிடிவாதக்காரர். 1994-இல், பிரதமராக இருந்தபோது, சொந்தக் கட்சி எம்.பி.க்களே அவர் காலை வாரினார்கள். ஆனாலும் நாட்டை யாரிடம் ஒப்படைத்திருக்கலாம் என்றால் நான் அவரைத்தான் சொல்வேன். பத்தாண்டு உள்நாட்டுப் போரை 2006 நவம்பரில் மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவுடன் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முடித்தவர் அவர். முடியாட்சியைக் கட்சி கைவிட்டபோது, 2007-இல், பட்டராய் கட்சியை விட்டே விலகிவிட்டார்.