வாட்ஸ்அப்போடு பன்னிரண்டு வருடம்: எனக்குக் கிடைத்ததும் நான் பயந்ததும்

2013 தீபாவளிக்கு அண்ணன் ஒரு சாம்சங் போன் வாங்கித் தந்தார். அதில் அவரே ஏற்றிக் கொடுத்த முதல் செயலி வாட்ஸ்அப். ஃபேஸ்புக்கில் எனக்குக் கணக்கு உண்டு, எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி. நாள் தவறாமல் பயன்படுத்துவது வாட்ஸ்அப் மட்டும்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்தது சென்னை முடிச்சூர். எங்கள் குலதெய்வம் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு எல்லாக் கிளைக் குடும்பமும் கோயிலில் கூடும். முன்பெல்லாம் மாசி பிறந்ததுமே பெரியப்பா டைரியை எடுத்துவைத்துக்கொண்டு வரிப் பணத்துக்காக வீடு வீடாகப் போன் போடுவார். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள், மீதிப் பேர் ‘பார்க்கலாம்’ என்பார்கள். 2014இல் அத்தை மகன் ‘பங்குனி உத்திரம்’ என்று ஒரு குரூப் தொடங்கினான். வரி எவ்வளவு, வேன் எத்தனை மணிக்கு, யார் வாழை இலை, யார் பொங்கல் பானை, எல்லாம் அதிலேயே முடிந்துவிட்டது. பேச்சு வார்த்தையில்லாமல் பத்து வருடம் இருந்த இரண்டு சித்தப்பாக்கள் அந்தக் குரூப்பில்தான் முதலில் ஒருவருக்கொருவர் பதில் போட்டார்கள்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய்ஸ் நோட் மட்டும் பழகிக்கொண்டார். மும்பையில் இருக்கும் மகளோடு தினமும் அப்படித்தான் பேசுகிறார். கடிதம் எழுத அடுத்தவர் கையை எதிர்பார்த்து ஆயுளில் பாதியைக் கழித்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத் தெரியும்.

2015 டிசம்பர் 1. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. எங்கள் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் மேலே வீட்டுக்காரரிடம் ஓடினோம். மின்சாரம் இல்லை, யாரைக் கூப்பிட்டாலும் லைன் கிடைக்கவில்லை. மொட்டை மாடி மூலையில் நின்று அண்ணனுக்கு ஒரு செய்தி தட்டினேன்: முகவரி, பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, ஏழு பேர், அதில் ஆறு மாதக் குழந்தை ஒன்று. அது போகாமல் கடிகாரக் குறியோடு நின்றது. நாற்பது நிமிடம் கழித்து சிக்னல் ஒரு நொடி வந்திருக்க வேண்டும், ஒற்றை டிக் விழுந்தது. போன் பேச்சுக்குத் தொடர்ந்து சிக்னல் வேண்டும். செய்திக்கு அந்த ஒரு நொடி போதும். அண்ணன் அதைத் தன்னார்வலர்களுக்கு அனுப்ப, மறுநாள் மத்தியானம் படகு வந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தச் செயலி மேல் எனக்கு இருக்கும் நன்றி போகாது.

ஆனால் அதே செய்தி அதோடு நிற்கவில்லை. நாங்கள் மாமியார் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆன பிறகும் ‘ஆறு மாதக் குழந்தை, உடனே உதவுங்கள்’ என்று அது சுற்றிக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் பால் பவுடரோடு முழங்கால் தண்ணீரில் நடந்து எங்கள் பூட்டிய வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வேறு எந்தக் குழந்தைக்கு அது தேவைப்பட்டதோ. நான் தேதியும் நேரமும் போடாமல் விட்டதுதான் தப்பு. அன்றிலிருந்து எந்த அவசரச் செய்தியிலும் முதல் வரி தேதியும் மணியும்தான். அதே நாட்களில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், இன்னும் பெரிய மழை வருவதாக நாசா சொல்லிவிட்டது என்றும் வந்தது. இரண்டும் பொய். இருட்டில் தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்து படித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

2018 மே மாதத்தை என்னால் மறக்கவே முடியாது. பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்ற ஃபார்வர்டு எல்லாக் குரூப்பிலும் ஓடியது. கூடவே ஒரு வீடியோ: பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல. அது பாகிஸ்தானில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கள் பங்குனி உத்திர குரூப்பிலும் வந்தது. பெரியம்மா எனக்குத் தனியாக வாய்ஸ் நோட் போட்டார்: “ஏட்டி, புள்ளைய வெளிய விடாத, கையிலயே பிடிச்சிக்கோ.” அந்த நடுக்கம் உண்மை. நானும் அந்த வீடியோவைத் தெரு குரூப்புக்கு அனுப்பினேன்.

மே 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன சென்னைக் குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். 65 வயது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார்.

குலதெய்வம் கும்பிடப் போனவர்கள். வழியில் பார்க்கிற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பது என் மாமியாரும் வருடா வருடம் செய்வது. அன்று ராத்திரி நான் அனுப்பிய ஃபார்வர்டை எடுத்துப் பார்த்தேன். அழித்தேன். அழித்து என்ன, பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அந்த ஜூலையில்தான் ‘ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்ற குறிப்பும், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற வரம்பும் வந்தன. பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்பு 2019இல் வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும். பயன் இருக்கிறது, ஃபார்வர்டுகள் குறைந்தது என் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் காப்பி செய்து ஒட்டினால் அந்த அம்பு காணாமல் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அப்படித்தான் அனுப்புகிறார், ஏதோ அவரே பார்த்து எழுதியது மாதிரி இருக்கும்.

அம்மா விஷயத்தையும் சொல்ல வேண்டும். பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூண்டுச்சாறு போதும் என்று ஒரு ஃபார்வர்டு. எங்கள் யாரிடமும் சொல்லாமல் ஒன்பது நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. அனுப்பியது யார் என்று பார்த்தால் அம்மாமேல் உயிரையே வைத்திருக்கிற மதினி. இதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். கெடுதல் நினைப்பவர்களிடமிருந்து வந்தால் சந்தேகப்படலாம், பாசமாக இருப்பவர்களிடமிருந்து வந்தால் என்ன செய்வது? இப்போது அம்மாவோடு ஒரு ஒப்பந்தம்: மருந்து பற்றி எது வந்தாலும் எனக்கு அனுப்பிவிட்டு, நான் டாக்டரிடம் கேட்டுச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்கிறார்.

போன வருடம் பெரியப்பாவின் வாட்ஸ்அப் கணக்கு பறிபோனது. கூரியர் என்று சொல்லி ஒருவன், அவர் போனுக்கு வந்த வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டிருக்கிறான், அவரும் சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் குரூப்பில் எல்லோருக்கும் அவர் பெயரில் ‘அவசரமாகப் பத்தாயிரம் வேண்டும்’. சித்தி மகன் அனுப்பிவிட்டான். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்ததால் ஒரு பகுதிப் பணம் நிறுத்திவைக்கப்பட்டது, கைக்கு வர மாதங்கள் ஆனது. திருடன் தன் பின் நம்பரைப் போட்டுவிட்டதால் பெரியப்பா மறுபடி உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்ற வசதியை முன்பே போட்டு நமக்கென்று ஒரு பின் வைத்திருந்தால் அந்த ஆறு இலக்கம் மட்டும் போதாது. தயவுசெய்து இன்றே வீட்டுப் பெரியவர்கள் போனில் போட்டுவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

புளூ டிக் சண்டைகள் பற்றி எழுதப் போவதில்லை. நான் அதை நிறுத்திவைத்துவிட்டேன், நிம்மதியாக இருக்கிறது. படமும் வீடியோவும் தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன். தெரிந்தவர்கள் தவிர வேறு யாரும் என்னைக் குரூப்பில் சேர்க்க முடியாது. நாற்பத்தெட்டு குரூப் இருந்தது, இப்போது நான்கு: குடும்பம், தெரு, பையன் வகுப்பு, கூடப் படித்தவர்கள். நான்கிலும் பேசுகிறவர் முகம் எனக்குத் தெரியும்.

பங்குனி உத்திர குரூப்பில் இப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. வேறு எங்கிருந்தோ வந்த எதையும் போடக் கூடாது, தானே எழுதியதோ பேசியதோ எடுத்த படமோ மட்டும்தான். கொண்டுவந்தவர் பெரியப்பா. முதல் மாதம் குரூப்பே அடங்கிப் போனது, காலை வணக்கம் கூட இல்லை. அப்புறம் மெதுவாக வாய்ஸ் நோட்டுகள் வரத் தொடங்கின. பெரியம்மா முந்தாநாள் போட்டது ஏழு நிமிடம். ஊரில் மழை, மாடு ஈன்றது, அடுத்த உத்திரத்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே பேர் கொடுங்கள், வேனுக்குச் சொல்ல வேண்டும். பதினான்கு பேர் கொடுத்திருக்கிறோம்.