பிரிட்டன் பார்ட்னர் விசா: சம்பளத்தைக் காட்டுவதா, சேமிப்பைக் காட்டுவதா?

2024 ஆவணியில் எனக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். பதினெட்டாம் நாள் நான் மட்டும் லண்டன் க்ராய்டனுக்குத் திரும்பினேன். மனைவியை அழைத்துக்கொள்ள என் வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்டு இருக்க வேண்டும். சரக்குக் கிடங்கில் ஸ்டாக் கணக்குப் பார்த்து நான் வாங்கிக்கொண்டிருந்தது 26,800. குறைந்த அந்த 2,200 பவுண்டை எப்படிச் சரிக்கட்டுவது என்று இரண்டு வீட்டிலும் ஒரு மாதம் பேசினோம். அந்தப் பேச்சில் அலசியதையும், பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு இது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பான்சர் செய்பவர் பிரிட்டிஷ் குடியுரிமையோ, ஐஎல்ஆர் எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ வைத்திருந்தால் இந்தத் தொகை பொருந்தும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள் மனைவியை டிபென்டன்டாக அழைக்கும் வழி வேறு. இந்த 29,000 அவர்களுக்கு இல்லை. 2012 ஜூலையிலிருந்து 18,600 பவுண்டாக இருந்த வரம்பு, 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆனது. வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையைத்தான் பார்ப்பார்கள். ஊரில் இருக்கும் மனைவி அங்கே வாங்கும் சம்பளம் கணக்கில் வராது. என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர்; அந்த வருமானம் ஒரு ரூபாய்கூட உதவவில்லை.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முழுவதையும் சேமிப்பாகக் காட்டுவது; இருக்கிற சம்பளத்தோடு கொஞ்சம் சேமிப்பைச் சேர்த்துக் காட்டுவது; 29,000-க்கு மேல் சம்பளம் தரும் வேலைக்கு மாறி, ஆறு மாதம் காத்திருந்து, சம்பளத்தை மட்டும் காட்டுவது. நான் எடுத்தது மூன்றாவது. இன்றைக்கு யாராவது கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

சேமிப்புக் கணக்கு இப்படி. முதல் 16,000 பவுண்டை அவர்கள் எண்ணுவதே இல்லை. அதற்கு மேல், குறைகிற ஆண்டு வருமானத்தின் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். சம்பளமே காட்டாவிட்டால் 29,000 × 2.5 + 16,000, அதாவது 88,500 பவுண்டு. இந்தப் பணம் உங்கள் பெயரிலோ, துணையின் பெயரிலோ, இருவர் பெயரிலுமோ ஆறு மாதம் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள்கூடக் கீழே இறங்கக் கூடாது. பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுத்த பணம் ஆகும், கடன் வாங்கியது ஆகாது.

அப்பா ஒரு ராத்திரி போன் பண்ணி, "ஆத்தங்கரைப் பக்கத்து நிலத்தைக் கேட்கிறாங்கப்பா, கொடுத்துடலாம். பொண்ணு அங்க வந்து சேரட்டும்" என்றார். அவர் குரலில் தயக்கம் இல்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்து, நிலத்தை விற்று அந்தப் பணத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

இந்திய வங்கியில் இருக்கும் பணத்தைக் காட்டலாம், அதில் தடை இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும் நாளன்று ஓவாண்டா தளத்தில் என்ன மாற்று விலையோ அதைத்தான் எடுப்பார்கள். நான் அன்று பயந்தது பிறகு நடந்தது. 2025 ஜனவரியில் ஒரு பவுண்டு 106 ரூபாய் அளவில் இருந்தது. 88,500 பவுண்டுக்கு 94 லட்சம் போதும். ஜூலையில் பவுண்டு 116-ஐத் தொட்டபோது அதே 94 லட்சம் 81,000 பவுண்டுதான். பணத்தைத் தொடாமல் ஆறு மாதம் பொத்திப் பொத்தி வைத்தவர்கூடக் கடைசி நாளில் ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் குறைந்து நிற்பார். ரூபாயில் வைப்பதென்றால் பத்துப் பதினைந்து லட்சம் கூடுதலாக வைக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஃபிக்ஸட் டெபாசிட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அபராதம் கட்டியாவது உடனே எடுக்க முடிகிற டெபாசிட் செல்லும். வருமான வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்து வருட டெபாசிட்டை நடுவில் உடைக்க முடியாது, ஆகவே செல்லாது. நகை, நிலப் பத்திரம் இரண்டுமே பணமாக மாறும்வரை கணக்கில் இல்லை.

இரண்டாவது வழி பார்க்க அழகாக இருந்தது. 2,200 × 2.5 என்றால் 5,500. அதோடு 16,000 சேர்த்து 21,500 பவுண்டு. என்னிடம் ஒன்பதாயிரம் இருந்தது. மிச்சத்தை அப்பா தந்துவிடுவார், நிலத்தையும் விற்க வேண்டாம். பாதி மனம் இதற்குச் சாய்ந்திருந்தது. ஆனால் குறைவது 2,200 என்றாலும் 200 என்றாலும் அந்த 16,000 அப்படியே குறுக்கே நிற்கிறது.

என்னைத் திருப்பியது அடுத்த கேள்வி. இந்த விசா ஒரு தடவையோடு முடிவதில்லை. முதலில் 33 மாதம் தருகிறார்கள். அது முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும், அப்போதும் இதே 29,000, இதே ஆறு மாதக் கணக்கு. ஐந்து வருடம் முடிந்து ஐஎல்ஆர் போடும்போது மூன்றாவது முறை. அந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் இரண்டரை மடங்கு இல்லை. முழுவதும் சேமிப்பில் காட்டுபவர்களுக்கு 45,000 பவுண்டு போதும். நடுவில் வரும் நீட்டிப்புக்கோ மறுபடியும் 88,500.

ஆக, சேமிப்பைக் காட்டி வந்தவர் மூன்று வருடம் கழித்தும் அந்தப் பணத்தை வைத்திருக்க வேண்டும். மனைவி இங்கே வந்ததும் வீட்டு டெபாசிட், கட்டில், குளிருக்குத் துணி என்று செலவு வரிசையாக நிற்கும். விசாவுக்கே பெருந்தொகை போகிறது. நான் 2025-ல் கட்டியது 1,938 பவுண்டு கட்டணம், அப்புறம் ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்று ஆண்டுக்கான சுகாதாரக் கட்டணம் 3,105, ஆக 5,043. இதைக்கூடக் காட்டுகிற சேமிப்பிலிருந்து எடுக்காமல் தனிக் கணக்கில் வைத்துக்கொள்வதுதான் பத்திரம். ஐந்து வருடம் முடக்கிப்போடும் பணத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

நீட்டிப்பின்போது வழியை மாற்றிக்கொள்ளலாம் என்று சேமிப்புக்காரர்கள் சொல்வார்கள். சரிதான். மனைவி இங்கே வேலைக்குப் போய்விட்டால் அவள் சம்பளமும் அப்போது சேரும், இரண்டு பேர் சம்பளத்தில் 29,000 எளிது. ஆனால் அவளுக்கு வேலை எப்போது கிடைக்கும், நடுவில் குழந்தை வருமா என்பதெல்லாம் இன்றைக்குத் தெரியாது. என் ஒருவன் சம்பளமே வரம்பைத் தாண்டி நின்றால், வந்த மறு மாதமே வேலை தேடு என்று அவளை விரட்ட வேண்டியதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

அதனால் மாலைகளில் வேலை தேடினேன். 2025 ஜனவரி 13-ல் 30,200 பவுண்டுக்குச் சேர்ந்தேன். ஒரே முதலாளியிடம் ஆறு மாதச் சம்பளம் காட்டுவதை விசா விதியில் கேட்டகரி ஏ என்பார்கள். ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் கேட்டகரி பி உண்டு. அதில் இப்போதைய சம்பளம் வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது, கடந்த 12 மாதத்தில் கையில் வந்ததும் 29,000 இருக்க வேண்டும். சீக்கிரம் முடியுமோ என்று நப்பாசையில் அதையும் போட்டுப் பார்த்தேன். பழைய 26,800-உம் புதிய 30,200-உம் கலந்து 29,000-ஐத் தொட எட்டு மாதம் ஆகும். ஏ-யில் ஆறே மாதம். முன்பே நல்ல சம்பளத்தில் இருந்து வேலை மாறியவர்களுக்குத்தான் பி.

சம்பள வழியின் உழைப்பு காகிதத்தில் இருக்கிறது. ஆறு பேஸ்லிப், அதே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். கடிதத்தில் எப்போதிலிருந்து வேலை, என்ன சம்பளம், அந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தர வேலையா என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் சம்பள விகிதம் எப்போது குறைவாக இருந்ததோ அதுதான் கணக்கு. என் ஜனவரி பேஸ்லிப் அரை மாதத்துக்கு என்பதால் அதை விட்டுவிட்டுப் பிப்ரவரியிலிருந்து எண்ணினேன்.

மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, பேஸ்லிப்பில் கைக்கு வரும் தொகைக்கும் ஸ்டேட்மென்ட் வரிக்கும் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஏப்ரலில் இடித்தது. ஆபீஸில் செய்த தவறால் அந்த மாதச் சம்பளம் இரண்டாகப் பிரிந்து வந்திருந்தது: 1,200 ஒரு நாள், மீதி நான்கு நாள் கழித்து. கூட்டினால் பைசா பிசகாமல் சரி, ஆனால் பார்க்கும் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? சம்பளப் பிரிவில் விளக்கக் கடிதம் வாங்க இரண்டு வாரம் அலைந்தேன். மாதாமாதம் சரிபார்த்திருந்தால் ஏப்ரலிலேயே அது முடிந்திருக்கும். ஆகஸ்டில் விண்ணப்பித்தோம், நவம்பரில் விசா வந்தது.

மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு இது கடினம்தான். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, அதில் 29,000 வர வாரம் 46 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஆறு மாத மொத்தத்தை இரண்டால் பெருக்குவார்கள், ஆக ஆறு மாதத்தில் 14,500 வந்தால் சரி. ஓவர்டைமும் சேரும்.

சொந்தத் தொழில் செய்பவர்களைப் பற்றி நான் பேசுவது டாக்ஸி ஓட்டும் நண்பர் ஒருவரின் காகிதங்களைப் பார்த்த அளவில்தான். ஏப்ரல் 5-ல் முடியும் முழு வரி ஆண்டின் கணக்கைக் காட்ட வேண்டும், குறைந்தால் சேமிப்பைக் கொண்டு நிரப்ப முடியாது. அந்த இரண்டாவது விதி அவருக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்தது. நல்ல கணக்காளரை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

சேர்த்துக் காட்டும் வழியை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. உங்கள் சம்பளம் 28,000, சொந்தச் சேமிப்பு 18,500 பவுண்டு ஏற்கனவே ஆறு மாதமாகக் கிடக்கிறது என்றால் வேலை மாறி ஆறு மாதம் பிரிந்திருப்பது வீண்; இன்றைக்கே விண்ணப்பியுங்கள், சம்பள உயர்வை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது அப்பாவின் பணம் என்பதால் மனம் வரவில்லை.

ஆத்தங்கரை நிலம் அப்படியே இருக்கிறது. சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்பு ஈரத்திலேயே உளுந்து தெளித்ததாகப் போன வாரம் அப்பா சொன்னார்.