படம் பத்திரம், திகதிதான் போய்விட்டது

போட்டோக்களைக் கிளவுட்டில், அதாவது இன்டர்நெட்டில் இருக்கும் சேமிப்பிடத்தில், ஏற்றுவது நல்லதா, காசு கட்டிப் பாவிக்கலாமா என்று தெஹிவளை மச்சாள் கேட்டார். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் என் போன் இப்போதுதான் மதர்போர்ட் மாற்றி ரிப்பெயர் கடையிலிருந்து வந்திருக்கிறது, அதோடு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் இது கொஞ்சம் நீளும். எந்தக் கம்பனியின் சேவை என்று சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் சங்கடத்தில் பாதி அவர்களுடையதும் இல்லை.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்திலும் இது தன் வேலையைப் பார்த்தது. ரௌட்டர் அணையும், அப்லோட் நிற்கும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு தடவைகூட முதலிலிருந்து தொடங்கவில்லை. அந்த வருஷம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது கார்ட்டில் வெட்டுப்பட்ட காசைப் பார்த்து நெஞ்சு பகீரென்றது உண்மைதான், ஆனால் அதற்கு இவர்கள் என்ன செய்வார்கள்.

கொம்பியூட்டரில் இருந்த பழைய படங்களை ஏற்றத்தான் பொறுமை வேண்டும். எல்லோரும் டவுன்லோட் வேகத்தைப் பற்றியே கதைக்கிறார்கள், இந்த வேலைக்கு வேண்டியது அப்லோட் வேகம். செக்கனுக்கு 5 மெகாபிட் கிடைத்தால் 100 ஜிபி ஏற 44 மணித்தியாலம் பிடிக்கும், அதுவும் இடையில் ஒன்றும் நிற்காமல் இருந்தால். நடுச்சாமத்துக்குப் பிறகு டேட்டா தாராளமாகக் கிடைக்கிற பெக்கேஜ் என்றால் லப்டொப்பை அந்நேரத்துக்கு விட்டுவிட்டுப் படுக்கலாம். கூகுள் பாவிக்கிறவர்களுக்கு ஒன்று: கொம்பியூட்டரில் போடும் அவர்களுடைய டிரைவ் மென்பொருளில் ஒரே ஃபோல்டரை டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத் தெரிவு செய்தால் ஒவ்வொரு படமும் இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் இடம் பிடிக்கும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் ஜிமெயிலும் பங்காளி. எத்தனை போட்டாலும் இலவசம் என்ற காலம் 2021 ஜூன் 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன் வெறுமையாகத் திரும்பி வந்தது. கணக்கில் நுழைந்தேன், ஆறுதலாக எல்லாம் வந்து நின்றது. காலிமுகத்திடலில் பட்டம் விட்ட படம், நல்லூர்த் தேர், கொட்டாஞ்சேனையில் மழைவெள்ளம் எல்லாம் எடுத்த நிமிடம் வரைக்கும் சரி. இதில் மாயம் ஒன்றும் இல்லை, கமரா படம் எடுக்கும்போதே நேரத்தையும், அனுமதித்திருந்தால் இடத்தையும் படக்கோப்புக்குள் எழுதிவிடும், எக்ஸிஃப் என்பார்கள். சேவை அதை வாசித்து அடுக்குகிறது, அவ்வளவுதான்.

வட்ஸ்அப்பில் வந்த படங்கள்தான் வில்லங்கம். ஆன்ட்ரொயிட்டில் இந்தச் சேவை வழக்கமாகக் கமரா ஃபோல்டரை மட்டும்தான் தானாக ஏற்றும், வட்ஸ்அப் ஃபோல்டரையும் ஏற்றச் சொல்லி நாமாகப் போய்த் திறந்துவிட வேண்டும். ஆனால் திரையில் மட்டும் 'பேக்கப் முடிந்தது' என்று நிம்மதியாக ஒரு அடையாளம் காட்டிக்கொண்டிருக்கும். எது முடிந்தது? நம்மவர் வீடுகளில் யார் கமராவால் குடும்பப் படம் சேர்க்கிறார்கள்? கலியாணப் படம் லண்டனில் இருந்து வரும், பிள்ளை பிறந்த படம் டொரொண்டோவில் இருந்து வரும், அந்தியேட்டிப் படம் யாழ்ப்பாணத்தில் இருந்து வரும், எல்லாம் வட்ஸ்அப்பில்தான். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அந்த எக்ஸிஃப் விபரங்களைக் கழற்றிவிடுகிறது. 2023இல் வந்த எச்டி தெரிவில் படம் தெளிவாக வரும், ஆனால் அதுவும் அசல் இல்லை. டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால்தான் கோப்பு அப்படியே வரும், அதைப் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது.

வட்ஸ்அப்பின் சொந்த பேக்கப்பில் இருந்து படங்கள் போனுக்குத் திரும்பி வந்தன. பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்துவிட்டேன், எல்லாம் மேலே ஏறியது. ஏறி, போனைத் திருப்பிச் சரிப்படுத்திய அந்த ஒரே நாளில் வரிசையாக நின்றது. சித்தியின் அறுபதாம் கலியாணம், மருமகனின் முதல் நாள் பள்ளிக்கூடம், அப்பாவின் கண் ஒபரேஷன் பில், எல்லாம் ஒரே வியாழக்கிழமை. அம்மாவின் கலியாணப் படமும் அங்கேதான் நிற்கிறது. வெள்ளவத்தை வீட்டில் இருந்த அல்பம் 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு போனது. லண்டனுக்கு முதலே போயிருந்த ஒரு பிரதியைத்தான் மாமி போனால் படம் பிடித்து அனுப்பினார். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான், அது இப்போது ஒரு மீன்குழம்பு ரெசிப்பி ஸ்கிரீன்ஷொட்டுக்குப் பக்கத்தில்.

ரெசிப்பி மட்டுமா. அந்த ஃபோல்டரைத் திறந்தால் ரோசாப்பூ 'காலை வணக்கம்', வெள்ளிக்கிழமைப் பிள்ளையார், டியூஷன் நோட்டீஸ், காணி விற்பனை, யாரோ ஒருவரின் பக்கவாதத்துக்கு வெங்காய வைத்தியம், எல்லாமே காசு கட்டிய இடத்தில் வந்து குந்தும். இதைத் தானாகப் பிரித்து ஏற்ற வழி இல்லை, ஃபோல்டர் முழுக்க அல்லது ஒன்றும் இல்லை. ஒரு சின்ன ஆறுதல், வட்ஸ்அப்பில் தொல்லை தரும் ஒவ்வொரு குரூப்பிலும் போய் மீடியா தெரிவதை நிறுத்தலாம், அதன் பிறகு வரும் படம் கலரிக்கு வராது. வேறு யாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

திகதிக்கு வழி இல்லையா என்றால், அரைவாசி இருக்கிறது. வட்ஸ்அப் படத்தின் கோப்புப் பெயரிலேயே ஐஎம்ஜி-20190412 என்பது மாதிரி நாள் இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளை வைத்து அதைக் கோப்புக்குள் எழுதலாம், கொம்பியூட்டரில் கட்டளை தட்டத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் சரி. ஆனால் அது நமக்குப் படம் வந்த நாள், எடுத்த நாள் அல்ல. சேவைக்குள்ளேயே கையால் திகதி மாற்றலாம், அம்மாவின் படத்துக்கு மாற்றிவிட்டேன். அதிலும் ஒன்று: கூகுள் போட்டோஸில் அப்படி மாற்றிய திகதி படக்கோப்புக்குள் போகாது. பிற்காலத்தில் டேக்அவுட் என்ற கூகுளின் மொத்தமாக இறக்கும் வசதியில் எல்லாவற்றையும் இறக்கினால் அந்தத் திகதி பக்கத்தில் ஜேஸன் என்ற தனிக் கோப்பில் வரும். திகதியைப் படத்தோடு திருப்பி ஒட்டுவது நம் பாடு.

தேடும் வசதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஃபிரிட்ஜ் உத்தரவாத ரசீதை எப்போதோ படம் எடுத்து வைத்திருந்தேன், அதில் அச்சடித்திருந்த ஆங்கில மொடல் பெயரைத் தட்டினேன், கடைக்காரர் கேட்டு முடிக்க முதல் வந்து நின்றது. அன்றைக்கு இவர்களுக்கு எவ்வளவு கேட்டாலும் கட்டலாம் போல இருந்தது.

அப்ப கட்டலாமா என்றால், மச்சாள், நான் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அடுத்த வருஷமும் கட்டுவேன், ஆனால் நீங்கள் இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் அந்தக் காசுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, போனைக் கேபிளில் லப்டொப்போடு இணைத்து வட்ஸ்அப் ஃபோல்டரை அப்படியே எடுத்து வையுங்கள். ஆன்ட்ரொயிட் 11க்குப் பிறகு அது ஆன்ட்ரொயிட் என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்பதற்குள்ளே இருக்கும், நேரே தேடினால் கிடைக்காது. டிஸ்க் வாங்கப் பம்பலப்பிட்டிக்குப் போவதென்றால் எனக்கும் சொல்லுங்கள், எனக்கும் ஒன்று வேண்டும்.