எண்ணெயா, பிரேஸா, ஒப்பரேஷனா: முதுகு வளைந்த பிள்ளைக்கு எது?

மகளின் சாமத்திய வீட்டுக்குச் சட்டை அளவெடுத்த தையல்காரப் பெண்தான் முதலில் கண்டார். "அக்கா, பிள்ளையின்ர ஒரு தோள் உயர்ந்து நிக்குது." அன்றிரவு அவளைக் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னேன். முதுகின் வலப்பக்கம் மேடாக எழுந்து நின்றது.

எக்ஸ்றேயில் முள்ளந்தண்டு பக்கவாட்டில் 22 பாகை வளைந்திருந்தது. நான்கு மாதத்தில் திரும்பி வரச் சொன்னார்கள். ஆனால் இங்கே வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது இரண்டே விஷயம்தான்: எண்ணெய் போட்டு உருவு, இல்லாவிட்டால் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய். ஒப்பரேஷனுக்குப் பயந்து எண்ணெய்க்குப் போனோம். ஒன்பது மாதம் கழித்து எடுத்த படத்தில் 31 பாகை. உருவினால் தசை நோவு குறையும், முள்ளந்தண்டு நிமிராது. அந்த ஒன்பது மாதம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்தப் பக்கவாட்டு வளைவு 10 பாகையைத் தாண்டினால்தான் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று தெரியாது. புத்தகப்பையோ கூனி இருப்பதோ காரணமில்லை. (மாமி "நிமிர்ந்து இரு" என்று ஏசிக்கொண்டே இருந்தார். பாவம், அவள் என்ன செய்வாள்!) 25 பாகைக்குள் என்றால் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்துக் கவனிப்பதே போதும். தவணை தவறக்கூடாது, அவ்வளவுதான்.

25 முதல் 40 பாகை வரை, பிள்ளை இன்னும் வளர்கிறாள் என்றால், பிரேஸ். கடையில் வாங்கும் துணிப் பெல்ட் இல்லை இது. உடம்புக்கு அளவெடுத்துச் செய்யும் கடினமான பிளாஸ்டிக் கூடு. வளைவை நிமிர்த்துவதற்கு அல்ல, வளர்ச்சி முடியும்வரை கூடவிடாமல் பிடித்து வைப்பதற்கு. பெண் பிள்ளை பெரியபிள்ளையாகி இரண்டு வருடமளவில் வளர்ச்சி அடங்கிவிடும். வைத்தியர் அந்தத் திகதியை முதலில் கேட்டது அதனால்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேர் 50 பாகையைத் தொடாமல் வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் 48 பேர். நாளுக்கு 13 மணித்தியாலமும் அதற்கு மேலும் போட்டவர்களில் 90க்கும் குறையாது. ஆக, பெட்டிக்குள் வைத்த பிரேஸ் ஒன்றும் செய்யாது. சித்திரை வெயிலில் அதைப் போடுவது லேசில்லை. உள்ளே தையல் தடிக்காத பருத்திப் பெனியன், வியர்த்தால் உடனே மாற்றம்; அப்படித்தான் நாங்கள் சமாளிக்கிறோம்.

ஷ்ரொத் என்ற ஜெர்மன் பயிற்சிமுறையும் உண்டு. பிரேஸோடு சேர்த்துச் செய்ய நல்லது, அதற்குப் பதிலாக அல்ல.

45, 50 பாகையைத் தாண்டினால் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அந்த அளவு வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் வருடத்துக்கு ஒரு பாகை அளவில் கூடிக்கொண்டு போகலாம். திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றாக ஒட்ட வைக்கிறார்கள். வளைவு நன்றாகக் குறையும், ஆனால் ஒட்டிய பகுதி பிறகு வளையாது. நரம்பு பாதிக்கப்படும் ஆபத்து சிறியது, இல்லாமல் இல்லை. "பிறகு பிள்ளை பெறலாமோ?" என்று எங்கள் பெண்கள் மெதுவாகக் கேட்பார்கள். பெறலாம்.

மகளுக்கு இப்போது 33இல் நிற்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் சின்னவளையும் குனியச் சொல்லிப் பார்க்கிறேன்.